மரத்தின் மேல் பழி

என்னிடம் ஒரு கடைசல் இயந்திரம் இருக்கிறது. கார் நிறுத்துவதற்கென்று கட்டிய இடத்தில் அது நிற்கிறது. கார் வெயிலிலும் மழையிலும் தெருவில் நிற்கிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றி என் வீட்டுக்காரர் இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தினமும் காலையில் கார்க் கண்ணாடியிலிருக்கும் காக்கை எச்சத்தை நான் பார்க்கும்படி நின்று, மிக மிக நிதானமாகத் துடைப்பார், அவ்வளவுதான்.

நான் இண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் கேட்கும் தூரத்தில். எங்கள் தெருவில் டீச்சர்களுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருந்தால் அது மாடித் தோட்டமாக இருக்கலாம், ஆரி வேலையாக இருக்கலாம். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் மற்றவர்கள் குக்கரில் கேக் செய்யக் கற்றுக்கொண்டார்கள். நான் மரம் கடையக் கற்றுக்கொண்டேன். கைபேசியில் வெள்ளைக்காரத் தாத்தாக்கள் சுழலும் கட்டைமேல் உளியை வைப்பார்கள், ரிப்பன் ரிப்பனாகச் சுருள் பறக்கும். நான் உளியை வைத்தேன், கட்டை பறந்தது. அது போய் விழுந்த இடத்தில் இருந்த துளசித் தொட்டி பக்கத்து வீட்டு அக்காவுடையது. அந்தத் தொட்டியில் தொடங்கியதுதான் எங்கள் நட்பு.

விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு சப்பாத்திக் கட்டை கேட்டார்கள். செய்து கொடுத்தேன். இன்று எங்கள் குடும்பத்தில் சப்பாத்திக் கட்டை இல்லாத வீடு கிடையாது. மூன்று வேளையும் களி தின்று வளர்ந்த வம்சம் எங்களுடையது என்பதை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. போகிற வீடுகளில் அந்தக் கட்டைகளைப் பார்க்கிறேன். ஒன்று ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. ஒன்றால் பூண்டு நசுக்குகிறார்கள். ஒன்றை நாய் வைத்திருக்கிறது.

இப்படி மாமரத்தையும் வேப்பமரத்தையும் கெடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவளை ஆப்பிரிக்கா வரைக்கும் கொண்டு போய்விட்டவர் என் அப்பா.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புயலடிக்கும்போது கம்பத்தின் உச்சியில் இடுப்புக் கயிற்றோடு சாய்ந்து நின்று, கீழே நிற்கும் அதிகாரியைத் திட்டிக்கொண்டே கம்பி முறுக்கக் கூடியவர். அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். சில வருடங்களாக அவருடைய வலது கை நடுங்குகிறது. முதலில் காபி டம்ளர் டபராவில் மோதி கிணுகிணுவென்று சத்தம் போட்டது. டபராவின் அடி தட்டையாக இல்லை என்றார். வேறு டபரா கொடுத்தேன். அதுவும் அதே சத்தம் போட்டது. இப்போதெல்லாம் பாத்திரமே ஒழுங்காகச் செய்வதில்லை என்றார். தருமபுரி மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னார், மாத்திரை எழுதிக் கொடுத்தார், குறையும் ஆனால் போகாது என்றார். வெளியே வந்ததும் அப்பா, "பாவம், சின்னப் பையன். இப்பதான் படிச்சுட்டு வந்திருக்கான்" என்று டாக்டருக்காக இரக்கப்பட்டார்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். பெரிய வியாழன் மாலைப் பூசையோடு எங்கள் கோயிலில் மணிகள் வாயடைத்துப் போகும். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில்தான் மறுபடி பேசும். இடையில் மணிக்குப் பதில் மரம். கோயில் முகப்பில் ஒரு பழைய பலாப் பலகை சங்கிலியில் தொங்கும். பெரிய வெள்ளியன்று அதைக் கொட்டாப்புளியால் அடித்துத்தான் சனங்களைக் கூப்பிடுவார்கள். கொட்டாப்புளி என்பது தச்சர்கள் உளியின் தலையில் அடிக்க வைத்திருக்கும் மரச் சுத்தியல். அந்தப் பலகையை அடிப்பவர் அப்பா. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்தான். மூன்று அடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விட இடம் கொடுத்து, டொம், டொம், டொம். சின்ன வயதில் அந்தச் சத்தம் எனக்கு வயிற்றுக்குள் கேட்கும். ஆண்டவர் இறந்துபோன செய்தியை ஊருக்குச் சொல்கிற உத்தியோகம் என் அப்பாவுக்கு என்பதில் எனக்கு அப்படியொரு கர்வம் உண்டு.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கியதும் எங்கள் கோயில் பங்குப்பேரவையின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நெடுஞ்சாலையில் டயர்க் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் வீடு தேடி வந்து காலில் செருப்போடு வாசலிலேயே நின்று பேசினால் ஏதோ கெட்ட விஷயம் என்று அர்த்தம்.

"ஐயா, இந்த வருஷம் நீங்க முன்வரிசைல உக்காந்து ஜெபம் பண்ணுங்க. பலகைய வேற யாராச்சும் தட்டட்டும்" என்றார்.

"ஏன், எனக்கென்னா?"

"ஒன்னுமில்லீங்க. போன வருஷம் சத்தம் சரியா கேக்கலைன்னு சொல்லிக்கிட்டாங்க. என் மச்சான் சும்மாத்தான் இருக்கறான்…"

"சத்தம் எப்பிடிங்க கேக்கும்?" என்று அப்பா எழுந்து உட்கார்ந்தார். நடுங்கும் கையை மற்றக் கையால் பிடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். "கொட்டாப்புளி பூரா செல்லரிச்சுக் கெடக்குது. உள்ள எல்லாம் மாவு. அதால தட்டுனா தலகாணில தட்டுன மாதிரிதான் கேக்கும். மொதல்ல அத மாத்துங்க. ஆள அப்பறம் மாத்தலாம்."

செல் அரித்திருந்தது உண்மைதான். கைப்பிடியின் அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. செயலாளர் அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "புதுசு போட்டா சரியாயிடுங்களா டீச்சர்?" என்றார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"மரம் நல்லதா இருந்தா சரியாயிடுங்க" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கோர்ட்டில் சாட்சி நம் பக்கம் பேசிவிட்டால் ஒரு முகம் வருமே, அந்த முகம். செயலாளர் சரியென்று போய்விட்டார். ஆனால் மச்சானைத் தயாராக வைத்திருப்பேன் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆக, கோளாறு மரத்தில். அப்படித்தானே தீர்ப்பாயிற்று? அப்படியென்றால் உலகத்திலேயே நல்ல மரம் எதுவோ அதை வாங்க வேண்டும். கணக்கு டீச்சருடைய புத்தி இப்படித்தான் நேர்கோட்டில் ஓடும். அடுத்த சனிக்கிழமை ரயிலேறி பெங்களூரு போனேன்.

இறக்குமதி மரம் விற்கும் அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மரக்கடை என்றால் தூசி, அறுவைச் சத்தம், வாசலில் உட்கார்ந்து பீடி பிடிக்கும் பெரியவர். இது ஏசி போட்ட கடை. பட்டுப்புடவை மாதிரி மரங்களைத் தட்டு தட்டாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் எந்த நாடு, என்ன எடை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஊதா நிறத்தில் ஒரு மரம், ரத்தச் சிவப்பில் ஒரு மரம், வரிக்குதிரை மாதிரி ஒரு மரம். எல்லாமே கைக்கடக்கமான துண்டுகள்தான். விலையைப் பார்த்தால் கூடவே ஒரு பாதுகாவலரும் வருவார் போலிருந்தது.

"ஏனு பேக்கு மேடம்?" என்று கன்னடத்தில் ஆரம்பித்த கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "பென் பண்றதுக்கா மேடம்? ஃப்ளூட்டா?"

"கொட்டாப்புளி."

அவருக்குப் புரியவில்லை. மரத்தில் சுத்தியல் என்று விளக்கினேன். அவர் முகம் வாடியது. அலமாரியின் உள்தட்டிலிருந்து ஒரு கட்டையை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஆப்பிரிக்கன் பிளாக்வுட். தொடைக்கறி வாங்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பருமன். சுற்றிலும் மெழுகு பூசியிருந்தது. பல வருடம் காய வைத்த மரம்தானாம், ஆனாலும் மிச்ச ஈரம் சட்டென்று வெளியேறினால் வெடித்துவிடுமாம். "இதுல கிளாரினெட் பண்ணுவாங்க மேடம். இந்த மரம் இந்த அளவு ஆகறதுக்கு ரெண்டு மூணு தலைமுறை ஆவும். நீங்க சுத்தியல் பண்றேங்கறீங்க" என்றார். பெண்ணைத் தகுதியில்லாத இடத்தில் கொடுக்கும் தகப்பன் மாதிரி இருந்தது அவர் குரல். பிறகு அதே மரத்தின் இரண்டு சின்னத் துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். மரத்தின் சத்தமே இல்லை அது. வெண்கலக் கிண்ணத்தில் கரண்டி பட்ட மாதிரி கணீரென்றது.

அந்தச் சத்தத்தில்தான் விழுந்தேன். இதை வைத்து அடித்தால் சேலம் வரைக்கும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ரயிலில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். ஓசூர் தாண்டுவதற்குள் கால் மரத்துப்போயிற்று. அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. கனம் ஏற ஏற எனக்கு மரத்தின்மேல் மரியாதை ஏறியது. தங்கத்தைக் கையில் வாங்கும்போது கொஞ்சம் கீழே இழுக்குமே, அந்தச் சுகம்.

வீட்டுக்காரர் மேசைமேல் இருந்ததைச் சுற்றி வந்து பார்த்தார். "என்னா இது, தார் உருண்டையா?"

"ஆப்பிரிக்கா மரம். தள்ளுபடியில கெடைச்சுது."

அவர் எவ்வளவு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில்தான் எங்கள் இல்லறம் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா வந்தார். வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை, ஒரு குண்டா நிறையத் தண்ணீரோடு வந்தார். தமிழ்நாட்டில் இப்போது கருங்காலி மாலை போடாத கழுத்து குறைவு. அக்காவின் கழுத்தில் இரண்டு. ஒன்று பையனின் வேலைக்கு, மற்றொன்று வீட்டுக்காரரின் முட்டி வலிக்கு. நிஜக் கருங்காலி என்றால் தண்ணீரில் மூழ்க வேண்டும் என்று கைபேசியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் அனுமதிக்குக் காத்திராமல் கட்டையைத் தூக்கிக் குண்டாவில் போட்டார். அது கல்லைப் போல அடியில் போய் உட்கார்ந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, இது கருங்காலி இல்லீங்க. வேற மரம். நம்மூரு தோதகத்தி இருக்குதே, ஈட்டி மரம், அதுக்குச் சொந்தம்."

"கறுப்பா இருக்குது. தண்ணியில முழுவுது. அப்பறம் என்னாங்க டீச்சர்?"

கடையும்போது விழுகிற தூளை மட்டும் குப்பையில் கொட்டிவிடாமல் எடுத்து வைக்கச் சொன்னார். தாயத்தில் அடைக்கலாம், நிலைப்படியில் கட்டலாம், சாம்பிராணியில் கலக்கலாம். ஆப்பிரிக்கக் காட்டில் யானைகளோடு நின்ற மரத்துக்குத் தன் தூள் ஒருநாள் அதியமான்கோட்டையில் முட்டி வலியைக் குணப்படுத்தப் போகிறது என்று தெரிந்திருக்காது.

மெழுகைச் சீவிவிட்டு இயந்திரத்தில் மாட்டினேன். மாமரம் உளிக்கு வளைந்து கொடுக்கும், வேம்பு சண்டை போட்டாலும் கடைசியில் சமாதானத்துக்கு வரும். இது என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உளியின் முனை மழுங்கிவிடும். நான் மரம் கடைந்த நேரத்தைவிடச் சாணைக்கல்லில் உளி தீட்டிய நேரம்தான் அதிகம். ரிப்பன் சுருள் எல்லாம் இல்லை, காபித்தூள் மாதிரி உதிர்ந்தது. முகத்தில் கட்டிய துணியைத் தாண்டி மூக்குக்குள் போய், கைக்குட்டையில் ஊதாக் கறுப்பாக வந்தது. அவசரப்பட்டுத் தேய்த்தால் சூடேறி மயிரிழையாக விரிசல் விடும் என்பதால் நாலு தேய்ப்பு, ஓர் ஓய்வு. பள்ளிக்கூடம் விட்டு வந்து மாலைகளில் இதே வேலை. என் விரல் நகங்களைப் பார்த்து ஒரு மாணவி, "மிஸ், மெஹந்தியா?" என்றாள்.

ஆனால் முடித்தபோது, அடடா. வார்னிஷ் இல்லை, பாலிஷ் இல்லை, துணியால் துடைத்ததும் தானாகவே மின்னியது. ஒரே கட்டையில் தலையும் கைப்பிடியும். தலை மேல்பக்கம் விரிந்து, கழுத்தில் ஒடுங்கி, பிடியில் மெல்லப் புடைத்து, கோயிலில் வைக்க வேண்டிய பொருள் என்று பார்த்தாலே தெரியும். அதில் என் முகம் தெரிந்தது. அந்த முகத்துக்குத் தன்னைப் பற்றி ரொம்பத் திருப்தி.

வந்தவர்கள் எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள். "யப்பா, என்னா கனம்!" என்றார்கள். அக்கா சொன்னார், வீட்டுக்காரர் சொன்னார், பால்காரர் சொன்னார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். என்னா கனம் என்பதைப் பாராட்டாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். உலகத்தில் எல்லோரையும் தூக்கச் சொன்ன நான், அதைத் தூக்க வேண்டிய ஒரே ஆளிடம் கடைசியாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தடவிப் பார்த்தார். "நல்லா இருக்குதும்மா. பேரவைக்காரனுக்கு ஜென்மத்துக்கும் ஞாபகம் இருக்கும்" என்றார். தன்னிடமே இருக்கட்டும் என்றார். நானும் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அப்பாவின் கட்டிலருகே கால்மிதி கிடந்தது. வாசலில் கிடக்க வேண்டியது அங்கே ஏன் வந்தது என்று காலால் தள்ளினேன். கீழே டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலு பக்கமும் கோடு.

"இது எப்பிடிங்கப்பா?"

"பூனை" என்றார்.

எங்கள் தெருப் பூனையை எனக்குத் தெரியும். அது ஒரு மீன் முள்ளையே இரண்டு தடவை கீழே போட்டுவிட்டு எடுக்கும். அது டைல்ஸை உடைத்தது என்றால் அதற்கு லைன்மேன் வேலை போட்டுக் கொடுக்கலாம். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாப்புளி தலையணைக்கு அடியில் பாதி தெரிந்தது. வலது கை மடியில் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று பயம் வந்தது. கம்பத்தின் உச்சியில் அவரைப் பார்த்தபோதெல்லாம் வராத பயம்.

"பிடி கொஞ்சம் தடியா போயிடுச்சுங்கப்பா" என்றேன். "எனக்கு அப்பவே சந்தேகம். குடுங்க, கொறச்சுட்டு வர்றேன்."

அவர் உடனே திரும்பினார். "நானும் அதான் நெனச்சேன். பிடி தடி" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு நாடகம் தொடங்கியது. நான் மாலையில் கொஞ்சம் கடைந்து எடுத்துக்கொண்டு போவேன். அவர் கையில் வாங்குவார். ஒருமுறை உயர்த்தப் பார்ப்பார். மணிக்கட்டு பாதியில் மடங்கும், நான் அந்த நேரம் பார்த்து மின்விசிறியில் தூசி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். பிறகு இருவரும் மரத்தின்மேல் ஒரு குற்றம் கண்டுபிடிப்போம். தலை ஒரு பக்கம் கோணல் என்பேன். ஆமாம், இழுக்குது என்பார். கழுத்து நீளம் என்பார். நானும் ஒத்துக்கொள்வேன். ஒருநாள் எனக்கு எதுவும் தோன்றாமல், "ஈரம் இன்னும் காயலைங்கப்பா, அதான் கனம்" என்றேன். "பச்ச மரந்தான். புடிச்சாலே தெரியுது" என்று அவர் தலையாட்டினார். தருமபுரி மாவட்டத்திலேயே காய்ந்த மரம் அது.

நான் கணக்கு டீச்சர். ஒவ்வொரு நாளும் எவ்வளவு குறைந்தது என்று சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை. அது மரத்தை நிறுப்பது இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. இன்னும் இதையும் தூக்க முடியவில்லையா, இதையுமா என்று உளியை வைக்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன். முகத்தில் துணியும் கண்ணாடியும் இருந்ததால் துடைக்க முடியாமல் கறுப்புத் தூள் கன்னத்தில் சேறாக ஒழுகியது. அதைப் பார்த்த வீட்டுக்காரர் ஈரத் துண்டை நீட்டினார். மறுநாள் காலையில் மட்டும் கார்க் கண்ணாடியை அவர் துடைக்கவில்லை.

ஒருவருக்கு மட்டும் இதில் ஆனந்தம். "இன்னும் கடைவீங்களா டீச்சர்?" என்று அக்கா சுவர் மேலாக முறத்தை நீட்டுவார். முதல் நாள் எதிர்வீட்டு நிலைப்படியில் சிவப்புத் துணி முடிச்சு தொங்கியது, பிறகு மூலைவீட்டில், பிறகு மாவு மில்லில். கிளாரினெட் ஆகியிருக்க வேண்டிய மரம் தெருவெங்கும் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தது. மாவு மில்லில் வியாபாரம் சூடு பிடித்திருப்பதாகவும் அக்கா சொன்னார். வெயில் காலத்தில் எல்லோரும் வடகத்துக்கு அரைக்கத்தான் செய்வார்கள். அதைச் சொல்லி நான் எதற்குக் கெட்ட பெயர் வாங்க வேண்டும்?

குருத்து ஞாயிறு முடிந்த வாரத்தில் ஒருநாள், அப்பா கையை உயர்த்தினார், அது உயர்ந்தது. தோள் வரைக்கும் உயர்ந்து, அங்கே நின்று, நடுங்கி, இறங்கியது. "இப்ப சரியா இருக்குது" என்றார். இருவரும் அதைப் பார்த்தோம். என் விரல் பருமனுக்குப் பிடி, எலுமிச்சம்பழ அளவுக்குத் தலை. தொட்டிலுக்கு மேலே கட்டும் கிலுகிலுப்பைதான் அந்த அளவில் இருக்கும். கோயில் பொருள் என்று இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

இது சத்தம் போடுமா என்று நான் கேட்கவில்லை. வீட்டில் எதிலாவது தட்டிப் பார்த்திருக்கலாம். அவரும் தட்டவில்லை, நானும் தட்டச் சொல்லவில்லை.

பெரிய வெள்ளியன்று மதியம் கோயில் முற்றத்தில் நல்ல கூட்டம். வெயில் மண்டையைப் பிளந்தது. செயலாளர் முகப்புப் படியில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அந்த மச்சான். வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, கையில் அவரே வாங்கிவந்த ஒரு கொட்டாப்புளி, ஆட்டை அடித்துப் போடலாம் அதால். அப்பா என் தோளைப் பிடித்துப் படியேறினார். மேலே போனதும் தோளை விட்டார், நான் கீழே இறங்கி நின்றேன். வேட்டி மடிப்பிலிருந்து எங்கள் கொட்டாப்புளியை எடுத்தார். மச்சான் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிச் சிரிப்பை விழுங்கினார். எனக்கு அந்த ஆளைப் படியிலிருந்து தள்ளிவிட வேண்டும் போலிருந்தது. தவக்காலம் என்பதால் சும்மா இருந்தேன்.

அப்பா இடது கையால் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். வலது கை உயர்ந்தது. தோள் வரைக்கும் வந்து ஆடியது. நான் என்னை அறியாமல் படியில் ஒரு கால் வைத்தேன். கை விழுந்தது.

டொம் என்று இல்லை. டக்டடக்டக் என்று கேட்டது. நடுங்கிய கையில் கனமில்லாத தலை, ஓர் அடிக்குப் பதிலாக நாலைந்து அடியாகப் பலகையில் துள்ளியது. ஆனால் என்ன சத்தம்! அந்த ஏசி கடையில் கேட்ட அதே கணீர். நெடுஞ்சாலைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து முக்காடு போட்டார்கள். அப்பா மூச்சு விட இடம் கொடுத்தார், எப்போதும் போல. மறுபடி கை உயர்ந்தது. டக்டடக்டக். மூன்றாவதற்குக் கை பாதிதான் உயர்ந்தது. சத்தம் அப்போதும் கேட்டது. மச்சான் தன் கொட்டாப்புளியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

சிலுவையை முத்தமிட்டு எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது செயலாளர் எங்களிடம் வந்தார். "ஐயா, ரோட்டு வரைக்கும் கேட்டுதுங்க. கணீர்னு இருந்துது" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "எப்பவும் ஒத்த அடியாத்தான அடிப்பீங்க? இது என்னாங்க, சோளம் பொரியற மாதிரி?"

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "அது நான் இல்லீங்க. மரம். ஆப்பிரிக்கா மரம் அப்பிடித்தான். நாம ஒரு தட்டு தட்டுனா அது பாட்டுக்கு நாலு தட்டு தட்டும். நான் என்னா பண்றது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னாம்மா, மரந்தான?"

செயலாளரும் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்கப்பா" என்றேன். "மரந்தாங்க."

அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். கொட்டாப்புளியைச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். பையின் வாய் கிடைக்கவில்லை. கை ஒருமுறை மேலே போயிற்று, ஒருமுறை பக்கவாட்டில் போயிற்று. செயலாளரும் நானும் கோயில் கோபுரத்துச் சிலுவையில் காக்கை ஏதும் உட்கார்ந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம், அவர் வைத்து முடிக்கும் வரைக்கும்.